இரண்டு கைக்குட்டை, நான்கு வகுப்பு: ஒரே அறிவியலைப் பல நிலை மாணவர்களுக்குச் சொல்லித்தர ஒரு வழி

மாலை வகுப்புக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். நாலாவது படிக்கிற பிள்ளையும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையும் ஒரே மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அறிவியல் என்று யாருக்கு எதை எடுப்பது? சின்னவர்களுக்கு எடுத்தால் பெரியவர்கள் போனை நோண்டுகிறார்கள். பெரியவர்களுக்கு எடுத்தால் சின்னவர்கள் பென்சிலைச் சீவியே தீர்த்துவிடுகிறார்கள்.

பாடத்தைப் பிரிக்காதீர்கள், கேள்வியைப் பிரியுங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில். எல்லோர் கண்ணெதிரிலும் ஒரே நிகழ்ச்சி நடக்கட்டும். அதைப் பற்றி நாலாம் வகுப்புக்கு ஒரு கேள்வி, ஏழாம் வகுப்புக்கு ஒரு கேள்வி, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. எப்படி என்று காட்ட ஈரத்துணி காய்வதை எடுத்துக்கொள்கிறேன். இதைவிடச் சாதாரணமான நிகழ்ச்சி கிடையாது. ஆனால் மூன்றாம் வகுப்பில் தொடங்கிக் கல்லூரி வரை இதைத் தோண்டிக்கொண்டே போகலாம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 'நிலை' என்றால் வரையறையின் நீளம் என்று நினைத்திருந்தேன். சின்னவர்களுக்கு ஒரு வரி, பெரியவர்களுக்கு நாலு வரி என்று எழுதிக்கொண்டு போவேன். 'திரவம் வாயுவாக மாறுவது ஆவியாதல்' என்று பிசிறில்லாமல் ஒப்பித்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம், வீடு துடைத்தபின் தரையில் இருந்த ஈரம் எங்கே போனது என்று கேட்டேன். "தரை உறிஞ்சிருச்சு சார்" என்றாள். அவள் வீட்டில் மொசைக் தரை! வரையறை ஒரு அறையிலும் வீட்டுத் தரை வேறொரு அறையிலும் இருந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவே கதவே இல்லை.

என்னென்ன வேண்டும்

ஒரே அளவுள்ள இரண்டு பருத்திக் கைக்குட்டை. கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் கவர் ஒன்று, ரப்பர் பேண்ட். எவர்சில்வர் டம்ளரும் கொஞ்சம் ஐஸும். சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் தராசு (கிராம் கணக்கில் காட்டினால் போதும்). ஆய்வகத் தெர்மாமீட்டர் இரண்டு. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, ஏனென்றால் உடல் வெப்பநிலையை ஒட்டிய சிறு எல்லைதான் அதில் உண்டு. பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் தொல்லை. சிவப்புச் சாயம் ஏற்றிய ஆல்கஹால் உள்ளதே நல்லது. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சிறு பாட்டில், கொஞ்சம் பஞ்சு. ஸ்பிரிட் பாட்டில் திறந்திருக்கும்போது அடுப்போ தீப்பெட்டியோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

இவ்வளவு எளிய சாமானை வைத்து அறிவியல் நடத்த முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. ஊரில் கிடைக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்வதுதான் அதன் அடித்தளம். 2002இல் நிறுத்தப்படும்வரை முப்பது ஆண்டு நடந்தது. குப்பையில் போகும் பொருளில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் இணைத்து வடிவியல் சொல்லித்தரத் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான்.

முதலில் கேளுங்கள், திருத்தாதீர்கள்

இரண்டு கைக்குட்டைகளையும் நனைத்து, ஒரே அளவு பிழிந்து, தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். ஒன்றைக் கொடியில் விரித்துப் போடுங்கள். இன்னொன்றைக் கவருக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, அதையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அது காயட்டும். அதற்குள் ஒரே ஒரு கேள்வி: கொடியில் இருக்கிற துணியில் உள்ள தண்ணீர் எங்கே போகும்?

பதில்கள் வரத் தொடங்கும். "வெயில் குடிச்சிரும்." "காத்து எடுத்துட்டுப் போயிரும்." "துணிக்குள்ளயே போயிரும்." "காணாமப் போயிரும்." பெரியவர்களில் ஒருவர் நிச்சயம் "ஹைட்ரஜனாவும் ஆக்ஸிஜனாவும் பிரிஞ்சிரும்" என்பார். வேதியியல் படிக்கத் தொடங்கியவர்களிடம்தான் இந்தப் பதில் வரும். தவறான பதில் என்றாலும் யோசித்துச் சொன்ன பதில்.

ஒவ்வொன்றையும் சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே சிலேட்டில் எழுதுங்கள். 'சரி', 'தப்பு' என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. புதியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். வாய் துறுதுறுவென்று இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை இந்தச் சிலேட்டுதான் சொல்லும், வகுப்பு எண் சொல்லாது. 'காணாமப் போயிரும்' என்று ஒன்பதாவது பையன் சொன்னால், அவனுக்கு நீங்கள் ஐந்தாம் வகுப்பில் தொடங்க வேண்டும். 'காத்து எடுத்துட்டுப் போயிரும்' என்று நாலாவது பெண் சொன்னால், அவளை ஏழாம் வகுப்புக் குழுவோடு உட்கார வையுங்கள். கூச்சப்படும் பையனை எல்லோர் முன்னாலும் கீழே இறக்கிவிடாமல், 'நீ சின்னவங்களுக்கு உதவிக்கு இரு' என்று அனுப்புங்கள். அவனுக்கும் பாடம் ஆயிற்று, மானமும் போகவில்லை.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு: எது முதலில் காயும்?

இவர்களுக்குப் பந்தயம்தான் பாடம். நாலு துண்டுத் துணி நனைத்துக் கொடுங்கள். ஒன்று விரித்தது, ஒன்று நாலாக மடித்தது, ஒன்று நிழலில், ஒன்று மின்விசிறிக்குக் கீழே. எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

நடுவில் ஒரு பிள்ளை, "அவன் துணியில தண்ணி கம்மியா இருந்துச்சு, போங்கு!" என்று சண்டைக்கு வரும். வரவில்லை என்றால் நீங்களே ஒரு துணியை ஒட்டப் பிழிந்து வையுங்கள், வரும். அன்றைய பாடத்தின் உச்சமே அந்தச் சண்டைதான். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதை 'மாறி', 'கட்டுப்பாடு' என்ற சொற்கள் இல்லாமலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். போங்கு இல்லாத பந்தயம், அவ்வளவுதான்.

'ஆவியாதல்' என்ற சொல்லைக் கடைசியில் கொடுங்கள். முதலில் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? "ஆவின்னா பேய்தானே சார்?" என்று ஒருவன் கேட்பான், வகுப்பே சிரித்து உருளும். அடக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் அறைக்குள் சுற்றுகிற தண்ணீர் என்று நீங்கள் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட அதுதான். இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி பறக்குது என்று அம்மா சொல்வதையும் நினைவுபடுத்துங்கள். (அந்த 'ஆவி'யில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த நிலையில் அவிழ்க்கலாம்.)

இந்த நிலையில் மூலக்கூறு வேண்டாம். 'தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு மாறிக் காற்றோடு கலந்துவிட்டது' என்பதோடு நிறுத்துங்கள். அது சின்ன வாக்கியம், ஆனால் பொய் இல்லை. பின்னால் எந்த வகுப்பிலும் அதைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. எளிமைப்படுத்துவதற்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். 'சூரியன் தண்ணீரை உறிஞ்சுகிறது' என்பதும் எளிமைதான். ஆனால் நிழலிலும் இரவிலும் துணி காய்வதைப் பார்க்கும் அன்று அதை அழிக்க வேண்டிவரும். 'தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும்' என்பதும் அப்படித்தான். அந்தக் கணக்குப்படி கொடியில் கிடக்கும் துணி காயவே கூடாது.

ஆறு, ஏழு, எட்டு: போன தண்ணீர் எங்கே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த நிலை இது. வாதாடும் வயது.

கவருக்குள் இருக்கும் கைக்குட்டையைக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் கவரின் உட்பக்கம் சின்னச் சின்னத் துளியாகப் பூத்திருக்கும். துணி அந்தப் பக்கம் தொடவே இல்லை, பின் எப்படித் துளி வந்தது? தராசில் வையுங்கள். கவரோடு சேர்த்த எடை மாறியிருக்காது. கொடியில் இருந்ததன் எடை குறைந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடை எடுத்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொன்னால், காணாமல் போவதற்கு ஒரு கணக்கு இருப்பது தெரியும்.

அடுத்தது ஐஸ் டம்ளர். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டு வைத்தால் வெளியே வியர்க்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் "உள்ளேருந்து கசிஞ்சு வந்துச்சு" என்பார்கள். எவர்சில்வர் கசியாது என்று நீங்கள் சொன்னால் உங்களுக்காகத் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அவர்களே மடக்கும்படி விடுங்கள். கசிந்திருந்தால் உள்ளே நீல மை கலந்தால் வெளியே என்ன நிறம் வரும்? கசிந்திருந்தால் டம்ளரின் மொத்த எடை கூடுமா, அப்படியே இருக்குமா? மை கலந்து பார்ப்பார்கள், தராசில் வைத்தும் பார்ப்பார்கள். வெளியே நிறமற்ற துளி, எடையோ கூடியிருக்கும். வெளியில் இருந்துதான் வந்திருக்கிறது. வெளியில் காற்றைத் தவிர என்ன இருக்கிறது? இந்த இடத்தில் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் பேசிக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இதற்குப் பாடநூலில் 'ஆவி சுருங்குதல்' என்று பெயர். 'சுருங்குதல்' என்றதும் துவைத்த சட்டை சுருங்குவது நினைவுக்கு வரும், அதனால் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். இலங்கைப் பிள்ளைகள் 'ஒடுங்கல்' என்று படிக்கிறார்கள், அது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை 'கண்டென்சேஷன்' என்று சொன்னால் அதையும் சிலேட்டில் எழுதுங்கள். பரீட்சையில் எந்தச் சொல் கேட்கிறார்களோ அது வேண்டும்தான். பொருள் பிடிபட்டபின் மூன்று பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அந்த இட்லிப் பானை. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை போல் வருவதை 'நீராவி' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீரான மிக நுண்ணிய துளிக்கூட்டம். மூக்கு நீண்ட கெட்டில் கிடைத்தால் கொதிக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கின் நுனியை ஒட்டி ஒரு விரல்கிடை தூரம் வெறுமையாக இருக்கும், அதற்கப்புறம்தான் வெள்ளை தொடங்கும். அந்த வெறுமையில்தான் நீராவி இருக்கிறது. கை வைக்கக் கூடாது, பொசுக்கிவிடும்.

கொதிக்கிற தண்ணீரின் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 'காற்று' என்று அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. தண்ணீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற சின்னக் குமிழ்கள் நீரில் கரைந்திருந்த காற்றுதான். தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழ்களில் இருப்பது நீராவி. காற்றாக மட்டும் இருந்தால் கொஞ்ச நேரத்தில் காற்று தீர்ந்து குமிழ் நின்றுபோக வேண்டாமா? எவ்வளவு நேரம் கொதித்தாலும் குமிழ் வருகிறது, பாத்திரத்தில் தண்ணீர்தான் குறைகிறது. இந்த வாதத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

துகள்களை அறிமுகப்படுத்த இதுதான் நேரம். எங்கள் மொட்டைமாடியில் கபடி ஆடிக் காட்டுவோம். சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே பதினைந்து பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் லேசாகப் பிடித்தபடி இடம் மாறி நகர வேண்டும். கோட்டின் ஓரத்தில் இருந்து, பிடியை உதறும் வேகமும் இருக்கிறவர் மட்டும் வெளியே ஓடலாம். நடுவில் இருப்பவர் ஓட முடியாது. விரித்த துணி ஏன் மடித்த துணியை முந்தியது என்று இப்போது கேட்டால் "ஓரம் நிறைய இருக்கு சார்" என்று பதில் வரும். இந்த விளையாட்டில் ஒரு எச்சரிக்கை: மூலக்கூறு வெளியே போக 'ஆசைப்படுவதில்லை', சூடானால் 'பெரிதாவதும்' இல்லை. இரண்டையும் விளையாட்டு முடிந்த கையோடு சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விடைத்தாளில் ஆசைப்படும் மூலக்கூறைப் பார்ப்பீர்கள்.

ஒன்பது, பத்து: எது குளிர்ச்சியாக இருக்கிறது, ஏன்?

இரண்டு கைக்குட்டையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில் தொங்கியது ஜில்லென்று இருக்கும், கவருக்குள் இருப்பது அவ்வளவு இருக்காது. கையின் புறத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைப் பஞ்சால் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து ஒரு கேள்வி, இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தெர்மாமீட்டரை ஓடும் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் வெப்பநிலை குறையுமா? கை தூக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய வகுப்பு முழுக்கக் 'குறையும்' என்று தூக்கும். வைத்துப் பாருங்கள், அசையாது. தெர்மாமீட்டரின் அடிக்குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அதே இடத்தில் வையுங்கள், இறங்கும். கடலோர ஊரில் 3, 4 டிகிரி இறங்கலாம், மதுரைப் பக்கம் மே மாத மதியத்தில் 10 டிகிரிகூட இறங்கும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது. பத்தாண்டாக மின்விசிறிக்குக் கீழே தூங்கும் பிள்ளைகள் இதைக் கேட்டு அசந்துபோவார்கள்.

காரணத்துக்குக் கபடி வட்டத்தையே திரும்ப எடுங்கள். வேகமானவர்கள் வெளியே போனபின் உள்ளே இருப்பவர்களின் சராசரி வேகம் என்ன ஆகும்? இறங்கும். வெப்பநிலை என்பது அந்தச் சராசரியோடு கட்டுண்டது. இன்னும் புரியாதவர்களுக்கு, வகுப்பில் முதல் ஐந்து இடம் வாங்குகிறவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் வகுப்புச் சராசரி என்ன ஆகும் என்று கேட்டால் போதும். மீதி இருப்பவர் யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை, ஆனாலும் சராசரி இறங்கிவிடும். 'சூடான மூலக்கூறு', 'குளிர்ந்த மூலக்கூறு' என்று மட்டும் சொல்லாதீர்கள். தனி மூலக்கூறுக்கு வேகம் உண்டு, வெப்பநிலை கூட்டத்துக்குத்தான்.

பிறகு கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 294 கிலோஜூல். அதே ஒரு கிலோவை 100 டிகிரியிலேயே முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு, அதுவும் தெர்மாமீட்டர் துளியும் ஏறாமல்! நேரத்தை வைத்தே சரிபார்க்கலாம். 100 மில்லி தண்ணீர் சிறு தீயில் மூன்று நிமிடத்தில் கொதித்தால், அதில் பாதி வற்ற 11, 12 நிமிடம் ஆக வேண்டும். அடுப்பு, பாத்திரம், மூடி எல்லாம் சேர்ந்து கணக்கைக் கொஞ்சம் ஆட்டும், ஆட்டட்டும். ஏன் ஆடியது என்று பேசுவதும் பாடம்தான். முழுக்க வற்றவிட வேண்டாம், பாத்திரம் தீய்ந்துபோகும்.

1760களில் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் இந்தப் புதிரைத்தான் பிடித்தார். அடுப்பு எரிகிறது, வெப்பநிலை ஏறவில்லை, அப்படியானால் கொடுத்த வெப்பம் எங்கே? ஒளிந்திருக்கிறது என்றார். தமிழில் 'உள்ளுறை வெப்பம்' என்கிறோம். உள்ளே உறைவது, அதாவது குடியிருப்பது. 'உறைவிடம்' என்ற சொல்லைப் பக்கத்தில் எழுதினால், தண்ணீர் பனிக்கட்டியாக 'உறைவது' என்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாவது ஏன், இட்லி தண்ணீரைத் தொடாமலே வேகுவது எப்படி என்று அவர்களையே இணைக்க விடுங்கள். ஒளிந்திருந்த வெப்பம் துளியாகும் இடத்தில் வெளியே வருகிறது.

வீட்டுப்பாடமாக மண்பானை. பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். 'அழகுக்காகப் பெயின்ட் அடித்த பானையில் தண்ணீர் ஏன் குளிரவில்லை?' என்று கேளுங்கள். நுண்துளைகளைப் பெயின்ட் அடைத்துவிட்டதை யோசித்துத்தான் எழுத முடியும்.

பதினொன்று, பன்னிரண்டு: கவருக்குள் ஆவியாதல் நின்றுவிட்டதா?

கவருக்குள் இருக்கும் கைக்குட்டை காயவே இல்லை. அங்கே ஆவியாதல் நின்றுவிட்டதா? 'நின்றுவிட்டது' என்பதுதான் முதல் பதிலாக வரும். அப்படியானால் அறையின் வெப்பநிலை அதேதானே, வேகமான மூலக்கூறுகள் இன்னும் இருக்கின்றனவே, அவற்றை யார் பிடித்து வைத்தது? போகிற அளவுக்குத் திரும்பியும் வருகின்றன என்ற இடத்துக்கு அவர்களே வந்துசேர வேண்டும். இப்படிப் போவதும் வருவதும் சமமாக இருக்கும் 'இயங்குச் சமநிலை' என்ற கருத்தை வேதியியலில் சமன்பாட்டோடு தொடங்குவதைவிட இந்தக் கவரோடு தொடங்குவது எளிது. பின்னால் மீள்வினைகளுக்கு (முன்னும் பின்னும் நடக்கும் வேதிவினைகளுக்கு) வரும்போது 'கைக்குட்டைக் கவர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அங்கிருந்து தெவிட்டிய ஆவி அழுத்தம், அதாவது போவதும் வருவதும் சமமாகிவிட்ட நிலையில் நீராவி தரும் அழுத்தம். 30 டிகிரியில் நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல். 70 டிகிரியில் 31, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 100 டிகிரியில் 101.3, வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கொதித்தல் என்பது இந்தச் சமன்தான். அப்போதுதான் நீருக்குள்ளேயே ஆவிக்குமிழ் நசுங்காமல் நிற்க முடியும். இதைச் சொல்லிவிட்டு, 70 டிகிரித் தண்ணீரைச் சிரிஞ்சில் கால் பாகம் இழுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, முனையை ரப்பர் துண்டால் அழுத்தி அடைத்து, பிஸ்டனைப் பலமாகப் பின்னால் இழுங்கள். தண்ணீர் கொதிக்கும். அடுப்பில்லாமல்! பிஸ்டனை விட்டால் நின்றுவிடும். இதை நீங்களே செய்து காட்டுங்கள், வெந்நீரைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகத் தாமதமாகும். குக்கரில் விசில் வரும் நேரம் உள்ளே சுமார் 120 டிகிரி. வெப்பநிலையோடு ஆவி அழுத்தம் ஏறுவதை வளைகோடாக வரைந்து, சிரிஞ்ச், உதகை, குக்கர் மூன்றையும் அந்த ஒரே கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் சென்னையில் துணி ஏன் காய்வதில்லை என்பதை இவர்களுக்குக் கணக்காகக் கொடுக்கலாம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் வெளியில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறை 27 கன மீட்டர், ஆக 800 கிராமுக்குச் சற்று மேலே. மழைநாளில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அதாவது அந்த அதிகபட்சத்தில் 80 சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், மீதி இடம் 160 கிராமுக்குத்தான். நன்றாகப் பிழியாத ஒரு படுக்கைவிரிப்பில் அதைவிட அதிகத் தண்ணீர் இருக்கும். சன்னலை மூடிக்கொண்டு அறைக்குள் கொடி கட்டினால் கவருக்குள் இருக்கும் கைக்குட்டை கதைதான். இங்கே 'காற்று இவ்வளவு நீரைத் தாங்கும்' என்று வாயில் வந்துவிடும், எனக்கும் வரும். காற்று பஞ்சு இல்லை. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் ஏறக்குறைய அதே அளவு நீராவிதான் நிற்கும், வெப்பநிலைதான் அதைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது

ஒன்றரை மணி நேர வகுப்பை நான் இப்படிப் பிரிக்கிறேன். முதல் கால் மணி நேரம் சிலேட்டுக் கேள்வி, எல்லோருக்கும் பொது. அடுத்த ஒரு மணி நேரம் நாலு குழு, நாலு கேள்வி, நடுவில் அதே இரண்டு கைக்குட்டை. கடைசிக் கால் மணி நேரம் ஒவ்வொரு குழுவும் தன் அடுத்த கீழ்க்குழுவுக்கு ஒன்றைக் காட்ட வேண்டும். பேசக் கூடாது, காட்டத்தான் வேண்டும். பெரியவர்களைப் பேசவிட்டால் தங்கள் கோச்சிங் வகுப்புச் சாரைப் போல இரண்டு நிமிடம் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

புரிந்ததா என்று பார்க்க 'வரையறு' என்று கேட்காதீர்கள். அன்று பார்க்காத ஒன்றைக் கேளுங்கள். சின்னவர்களிடம், ஈரக் கோலம் எப்போது சீக்கிரம் காயும்? நடு வகுப்பிடம், பனிக்காலத்தில் பேருந்துக் கண்ணாடி எந்தப் பக்கம் மங்கும்? பத்தாம் வகுப்பிடம், குளித்துவிட்டு வந்து துவட்டாமல் நின்றால் ஏன் நடுக்கம்? பிளஸ் டூவிடம், ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, சொட்டுவதால் மின்செலவு கூடுமா? தெரியாத கேள்வி உங்களிடம் வந்தால் சிலேட்டின் ஓரத்தில் பெயரோடு எழுதிவையுங்கள். அடுத்த வாரம் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மறந்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் எங்கள் சிலேட்டின் ஓரத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கேள்வி ஒன்று இருந்தது: "வெயில்ல காய்ஞ்ச துணி நாறல, வீட்டுக்குள்ள காய்ஞ்ச துணி மட்டும் ஏன் நாறுது?" ஈரம் நெடுநேரம் நின்றதால் துணியில் பெருகிய நுண்ணுயிர்களின் வேலை அது. அடுத்த வாரம் நாலு குழுவுக்கும் அந்தக் கேள்வியைத்தான் பிரித்துக் கொடுத்தோம். அதே இரண்டு கைக்குட்டை போதுமானதாக இருந்தது, இந்த முறை துவைக்காமல்.